சில்வர்டோன் 1449: பெட்டிக்குள் ஆம்ப் உள்ள கிட்டாரைச் சீர்செய்த அனுபவம்

அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1960-களில் விற்ற சில்வர்டோன் 1449 எலக்ட்ரிக் கிட்டாரைத் தேடுபவர்களுக்குக் கிட்டார் கிடைப்பதைவிட அதன் பெட்டியும் சேர்ந்து கிடைப்பதுதான் கடினம். கிட்டாரை வைக்கும் பெட்டியிலேயே வால்வு ஆம்பும் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) 8 அங்குல ஸ்பீக்கரும் இருக்கும். ஆனால் காலப்போக்கில் பெட்டி ஈரத்தில் உப்பிப் பாழாகிவிட, கிட்டார் மட்டும் தனியாக விற்பனைக்கு வந்துவிடுகிறது. இரண்டும் பிரியாத ஒன்று நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் எனக்குக் கிடைத்தது. இதைத் தயாரித்த டேன்எலக்ட்ரோ தொழிற்சாலையும் அதே மாநிலத்தின் நெப்டியூனில்தான் இருந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டேன்எலக்ட்ரோவின் நிறுவனர் நேதன் டேனியல், மரச்சட்டத்தின் முன்னும் பின்னும் ஹார்ட்போர்டு ஒட்டி உடலைச் செய்தார். ஓரத்தில் தெரியும் இணைப்பை வினைல் பட்டை மறைக்கிறது. காந்தத்தின் மேல் கம்பி சுற்றி, லிப்ஸ்டிக் குழாய்க்குள் செருகினால், தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் தயார். மலிவுக்காகச் செய்த வேலை என்று இதை ஒதுக்குவது அநியாயம். பிக்கப்புகள் இரண்டையும் சேர்த்து இயக்கும்போது அவை தொடர் இணைப்பில் வருவதால், ஒலி தனித்தனியாகக் கேட்பதைவிடக் கனத்து, ஆனால் அந்தக் கண்ணாடி போன்ற தெளிவை இழக்காமல் எழுகிறது.

அதிக நேரம் எடுத்தது, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ். தந்திகள் ஆறும் ஒரே ரோஸ்வுட் துண்டின் மேல் அமர்கின்றன. ஒரு திருகைத் தளர்த்தி அதைச் சாய்க்கலாமே தவிர, சுருதி சரியாக அமைய ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனியாக மாற்ற வழியில்லை. இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய தந்திகளைப் பூட்டியபோது, கம்பி சுற்றாத 3-ஆவது தந்தி 12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) தெளிவாகச் சுருதி ஏறி ஒலித்தது. ஒவ்வொரு தந்தியும் அமரத் தனித்தனி சேடில் உள்ள புதிய பிரிட்ஜை மாற்றிவிடும்படி பலர் சொல்கிறார்கள். அதற்கு முன், அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்ததுபோல 3-ஆவது தந்தியும் கம்பி சுற்றியதாக இருக்கும் தட்டைச் சுற்றுத் தந்திகளை (தட்டையான கம்பி சுற்றியவை) பூட்டி, துண்டின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தேன். 3-ஆவது தந்தி சரியாக அமைந்துவிட்டது. 2-ஆவது மட்டும் மேல் ஃப்ரெட்டுகளில் இம்மியளவு ஏறுகிறது, பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளில் அது உறுத்தவில்லை. ஆகவே இந்தக் கிட்டாரை வாங்குபவர்கள் பிரிட்ஜில் கைவைப்பதற்கு முன் தந்தியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கழுத்துக்குள் இருப்பவை திருகிச் சரிசெய்ய முடியாத எஃகுத் தண்டுகள் என்பதால், இழுவிசையில் கழுத்து வளைந்துவிடாதிருக்க மிகத் தடித்த தந்திகளைத் தவிர்த்தேன்.

ஆம்பை நானே திறக்கவில்லை. அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், வால்வு ஆம்ப் பழகிய ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்தேன். அவர் பழைய மின்தேக்கிகளை மாற்றி, எர்த் இணைப்புள்ள மின்கம்பியைப் பொருத்தியதும் இரைச்சல் பெருமளவு அடங்கியது. ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமலோவும் சீராகத் துடிக்கிறது.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு இன்னும் போகவில்லை. அடுத்து அதைச் சுத்தம் செய்துவிட்டு, கீழ்ப்பக்கம் பிரிந்து நிற்கும் வினைல் பட்டையை ஒட்ட வேண்டும்.