நினைப்பை மட்டும் சொல்லாதீர்கள், நடுக்கத்தையும் சொல்லுங்கள்

மகள் பிறந்த பிறகு என்னை ஆட்டிவைத்தது ஓ.சி.டி. (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநோய்) என்று தெரிவதற்குள் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. இதே அவஸ்தையில் இருக்கும் தாய்மாருக்காக எழுதுகிறேன்.

காய் நறுக்கும்போது, 'நானே குழந்தையைக் குத்திவிட்டால்?' என்று ஒரு காட்சி கண்முன் வந்து நிற்கும். கை வெடவெடக்கும். அரிவாள்மனையைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டேன். பால் கொடுக்கும் நேரம் தவிரப் பிள்ளையைத் தூக்கவில்லை. குளிப்பாட்டுவது அத்தை பொறுப்பாயிற்று. "பெற்ற பிள்ளையிடம் இவளுக்கு ஒட்டுதலே இல்லை" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஒட்டுதல் இருந்ததால்தான் விலகி நின்றேன். அதை யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே, "மனநலமா? யாருக்கு?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார் ஊழியர். அதைக்கூட மன்னிக்கலாம். உள்ளே இருந்த மருத்துவர் நான் பாதி சொல்வதற்குள் எழுதி முடித்து, என் கணவரை அழைத்து, "குழந்தையை இவரிடம் தனியாக விடாதீர்கள்" என்றார். சீட்டில் 'குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம்' என்று இருந்தது. அந்த எண்ணத்தைக் கண்டு நான் நடுங்குவது எங்குமே இல்லை. அன்றிரவே குழந்தையின் தூளி அத்தையின் அறைக்கு மாறியது.

வேறொரு மருத்துவமனையில் பார்த்த பெண் மருத்துவரோ, "அந்த நினைப்பு வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். விரும்பி வளர்க்கும் எண்ணம் வேறு, விரட்ட விரட்ட வரும் எண்ணம் வேறு என்று கணவரையும் உட்காரவைத்து விளக்கினார். 1978இல் ராக்மேன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தபோது, நோய் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இத்தகைய நினைப்புகள் வருவது தெரிந்ததாம். அவர்கள் உதறிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நாமோ 'நான் அப்படிப்பட்டவளா?' என்று நம்மையே விசாரித்துக்கொண்டு இருக்கிறோம். கத்தியை ஒளிப்பதும் பயத்துக்குத் தீனி போடுவதுதான்.

தாய்ப்பால் கொடுப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். ஓ.சி.டி.க்கு மருந்தின் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். பலனில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூடவே ஈ.ஆர்.பி. பயிற்சி. பயப்படுவதை எதிர்கொள்ள வேண்டும்; ஒளிக்கவோ ஓடவோ கூடாது. அரிவாள்மனை பரணிலிருந்து இறங்கியது. தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன். முதலில் துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன, எழுந்து போகவில்லை. காய் முழுவதையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன நினைப்பு, வந்தால் உடம்பு என்ன செய்கிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள். மருத்துவர் அவசரப்பட்டால் தாளை நீட்டுங்கள். காதில் குரல் கேட்டாலோ, செய்துவிட வேண்டும் என்றே தோன்றினாலோ அது வேறு விஷயம். உடனே வீட்டில் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி எங்கே போவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.