தாழம்பூ ரேக்கும் லாம்டா பில்லும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு குடும்பத்தின் தளத்தை நான் பராமரித்து வருகிறேன். ஒரு சேலைக்கு உடல், பார்டர், முந்தி, ஜரிகையின் நெருக்கக் காட்சி என்று ஏழெட்டுப் படங்கள் இருக்கும். எல்லாம் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய, பல எம்பி எடையுள்ள ஜேபெக் கோப்புகள். அவை அமேசானின் எஸ்3 என்ற இணையக் கோப்புக் கிடங்கிலிருந்து நேராக வாடிக்கையாளரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அமேசானின் மும்பை மையத்திலிருந்து இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 11 சென்ட் கட்டணம். படங்களை வைத்திருக்க ஆகும் செலவு சொற்பம். அனுப்பும் செலவுதான் பில்லை ஏற்றியது.

முதலில் கிடங்குக்கு முன்னால் கிளவுட்ஃபிரன்டை வைத்தேன். கோப்புகளின் பிரதியை வாடிக்கையாளருக்கு அருகிலேயே வைத்து அனுப்பும் அமேசான் சேவை அது. எஸ்3-இலிருந்து அதற்குப் போகும் தரவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து வெளியே போவதிலும் மாதம் 1 டிபி வரை இலவசம். நடுத்தரக் கடைக்கு இது தாராளம்.

அடுத்து அளவைக் குறைக்கும் வேலை. சர்வர்லெஸ் (எந்நேரமும் ஒரு சர்வரை ஓட்டாமல், தேவைப்படும்போது மட்டும் நிரலை ஓட்டும் முறை) என்றாலே மலிவு என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த முறையில் அமேசான் தரும் லாம்டா சேவை ஓடும் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் காசு உண்டு. எனவே அதை எவ்வளவு குறைவாக ஓடவிடுகிறோம் என்பதில்தான் சிக்கனம் இருக்கிறது. ஒரு படத்தின் 640 பிக்சல் வடிவத்தை ஒருவர் கேட்டால், கிளவுட்ஃபிரன்ட் முதலில் தன் தற்காலிகச் சேமிப்பான கேச்சில் தேடும். இல்லையென்றால் எஸ்3-இல் தேடும். அங்கும் இல்லாதபோது மட்டும் லாம்டா விழித்து, ஷார்ப் என்ற பட நிரல் நூலகத்தைக் கொண்டு படத்தைச் சுருக்கி, அனுப்புவதோடு எஸ்3-இலும் ஒரு பிரதியைப் போட்டுவைக்கும். இந்த மாற்றுவழியை அமைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடங்கின் பட்டியலைப் பார்க்கும் அனுமதி கிளவுட்ஃபிரன்டுக்கு இல்லையென்றால், இல்லாத கோப்புக்கு எஸ்3 தருவது 404 ('கோப்பு இல்லை') அல்ல, 403 ('அனுமதி இல்லை'). லாம்டாவுக்குத் தாவும் நிபந்தனையில் 403 இல்லாவிட்டால் அது எழவே எழாது.

படத்தின் அகலத்தை இணைய முகவரியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. 301, 302, 303 என்று யாரேனும் விளையாட்டாகக் கேட்டால்கூட ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் படம் உருவாகும். ஆகவே 320, 640, 960, 1600 என நான்கே அளவுகளை வைத்தேன். வேறு எதைக் கேட்டாலும், கிளவுட்ஃபிரன்ட் வாசலில் இருக்கும் ஒரு சிறு நிரல் அதைப் பக்கத்து அளவுக்குத் திருப்பிவிடும். தனக்கு எவை புரியும் என்று பிரவுசர் அனுப்பும் அக்செப்ட் ஹெட்டர் என்ற குறிப்பைப் பார்த்து ஏவிஐஎஃப், வெப்பி, ஜேபெக் என்ற மூன்று பட வடிவங்களில் ஒன்றைத் தீர்மானிப்பதும் அதுவே. அந்த ஹெட்டரை அப்படியே, கேச்சில் படத்தை அடையாளம் காட்டும் கேச் சாவியில் சேர்த்தால், பிரவுசருக்குப் பிரவுசர் ஒரே படம் தனித்தனியாகச் சேமிக்கப்படும்.

நினைவகத்தைக் குறைத்தால் மிச்சம் என்பதும் சரியல்ல. லாம்டாவில் 1,769 எம்பி கொடுத்தால்தான் ஒரு முழு சிபியு கிடைக்கும். அதைவிடக் குறைத்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும். மிச்சம் பிடித்தது நேரத்தில் கரைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வெப்பி படங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மா போன் செய்தார். "தம்பி, தாழம்பூ ரேக்கு கலங்கித் தெரிகிறதே, இதைப் பார்த்து யார் வாங்குவார்கள்?" பார்டரில் ஜரிகையால் நெய்யும் தாழம்பூ வடிவத்தைப் பற்றி அவர் சொன்னது முழுக்க நியாயம். தரத்தை இழந்து சுருக்கும் வெப்பி, நான்கு பிக்சலுக்கு ஒரு நிற மதிப்பை மட்டுமே வைத்துக்கொள்கிறது. முகங்களுக்கும் காட்சிகளுக்கும் அது போதும். அரக்குச் சிவப்பின் மேல் மயிரிழையாக ஓடும் பொன் ஜரிகையில் இரு நிறங்களும் ஒன்றோடொன்று கசிந்துவிடும். ஏவிஐஎஃப் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தைத் தனியே வைக்க வல்லது. ஷார்ப் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது. நெருக்கக் காட்சிகளுக்கு அதை முதன்மையாக்கினேன். வெப்பிக்கு, நிறத்தைக் கூடுதல் கவனத்தோடு குறைக்கும் 'ஸ்மார்ட் சப்சாம்பிள்' என்ற தெரிவை இயக்கினேன். ஏவிஐஎஃப் உருவாக நேரம் பிடிக்கும். ஒருமுறை உருவாக்கிச் சேமித்துக்கொள்வதால் அது பெரிய பாரமில்லை. நெய்தவரின் உழைப்பு திரையில் தெரிய வேண்டிய இடத்தில் பைசாவைக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வராது.

மூலப் படங்களை எஸ்3-இல் அடிக்கடி தொடாத கோப்புகளுக்கான வகுப்புக்கு மாற்றினேன். சுருக்கிய சிறு படங்களை அங்கே வைப்பது வீண், 128 கேபிக்குக் குறைந்த கோப்புக்கும் 128 கேபி என்றே கட்டணம் போடுவார்கள். அவை சாதாரண வகுப்பில் இருந்து 90 நாளில் தானாக அழிகின்றன. மீண்டும் யாரேனும் கேட்டால் லாம்டா அதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.