வரி இல்லைதான், ஆனால் ரிட்டர்ன் உண்டு

"12 லட்சம் வரைக்கும் வருமான வரியே இல்லேன்னு பேப்பர்ல போட்டிருக்கான், எனக்கு எதுக்குடா ரிட்டர்ன்?" என்றார் சித்தப்பா. ரிடையர் ஆன வாத்தியார், வயது 71. அவர் படித்தது சரிதான், ஆனால் வரி வருமா என்பது ஒரு கேள்வி, ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கை வரித்துறைக்குத் தாக்கல் செய்வது, போடணுமா என்பது வேறு கேள்வி.

பாஸ்புக்கின் பின்னட்டையிலேயே கணக்குப் போட்டோம். பென்ஷன் மாதம் 36,000, ஆக வருஷத்துக்கு 4,32,000. டெபாசிட் வட்டி 1,10,000. பென்ஷனில் கழித்துக்கொள்ள விடும் நிலையான கழிவு 75,000 போனால் மிச்சம் 4,67,000. புதிய வரி முறையில் 2025-26க்கு வரி தொடங்குகிற அடிப்படை வரம்பு 4 லட்சம், அதைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். 12 லட்சம் என்பது வரியைப் போட்டுவிட்டு அப்புறம் கொடுக்கிற தள்ளுபடி. பழைய முறைக்குப் போனாலும் தப்ப முடியாது, 60 வயதுக்கு மேல் 80க்குள் அங்கே வரம்பு 3 லட்சம்தான், அதுவும் 80சி மாதிரி சேமிப்புக் கழிவெல்லாம் கழிப்பதற்கு முன்னால் இருக்கிற தொகையைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று, 'எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்' என்று வங்கிக்குச் சொல்லும் 15எச் படிவம் கொடுக்க மறந்திருக்கிறார். வட்டி 1 லட்சத்தைத் தாண்டியதால் வங்கி 11,000 டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்துவிட்டது. பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் அறிக்கையில் அதைக் காட்டியதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும்.

"75 ஆனா வேண்டாமாமே?" என்று ஒரு கேள்வி. அதற்கு பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வரவேண்டும், வேறு வருமானம் இருக்கக்கூடாது, வங்கியிடம் எழுதியும் கொடுத்திருக்க வேண்டும். இவருக்கு பென்ஷன் ஒரு வங்கியில், டெபாசிட் இன்னொரு வங்கியில்!

வேடிக்கை என்னவென்றால், சித்தியும் மாட்டிக்கொண்டார். வட்டி 90,000, அவ்வளவுதான் வருமானம். ஆனால் போன வருஷம் மகளைப் பார்க்க இரண்டு பேரும் லண்டன் போய்வந்த செலவு 2,30,000, "என் காசுல போவோம்" என்று பிடிவாதமாகத் தன் கணக்கிலிருந்தே கொடுத்திருந்தார். வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்தைத் தாண்டினால் வருமானம் குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். கரண்ட் பில் வருஷத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலும் அப்படியே, சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சம் போட்டாலும் அப்படியே.

"டிக்கெட்டை நீங்க எடுத்திருக்கலாம்ல?" என்று சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பான் கார்டைத் தேட உள்ளே போனார் சித்தி.