உள்ளே ஈரம், வெளியே கொசு: நான்கு இரவு டென்ட் அனுபவம்

முதல் இரவு ஆற்றங்கரையில். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்க ஆசைப்பட்டு, கரையிலிருந்து பத்தடி தள்ளி டென்ட் அடித்தேன். இருட்டியதும் கொசு மொய்த்தது. இருந்த ஜிப்பையெல்லாம் இழுத்து மூடினேன், உச்சியில் இருந்த காற்றுத் துவாரத்தையும் சேர்த்து. விடியற்காலையில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழிப்பு வந்தது. மழை என்று நினைத்து எட்டிப் பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். ஹெட்லேம்ப்பை மேலே திருப்பினேன். வலையாலான உள்கூடாரத்துக்கு மேல் போர்த்தும் மழைத்துணியின் உட்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாக நீர்முத்து. வலையோடு சேர்த்து விரலால் தொட்டதும் ஒரு முத்து பக்கத்து முத்தோடு ஒட்டிக்கொண்டு, இன்னும் நாலைந்தைச் சேர்த்துக்கொண்டு, கோடாக இறங்கி ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டை நனைத்தது.

துணி ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வந்ததும் தையல் முழுக்க சீலண்ட் பூசினேன். அது வீண் வேலை. ஒழுக்கு என்றால் தையலை ஒட்டி ஒரே இடத்தில் சொட்டும். துணி பூராவும் சீராக முத்துக் கோத்திருந்தால் அது நம் மூச்சு. ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஒருவர் விடும் ஈரம் சுமார் கால் லிட்டர் வரும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த துணியில்தான் படியும். வானம் தெளிவாக இருந்தால் மழைத்துணி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. ஆற்றங்கரை ஏற்கெனவே ஈரக்காற்று, பள்ளம் வேறு; குளிர்காற்று வந்து தேங்கும் இடம்.

இரண்டாம் இரவு இதை யோசித்துத்தான் படுத்தேன். கொசுவைத் தடுப்பது வலையின் வேலை, மழையைத் தடுப்பது மேல்துணியின் வேலை. மழை இல்லாத இரவில் மேல்துணியை ஏன் மூட வேண்டும்? அதன் கதவைச் சுருட்டிக் கட்டினேன், துவாரங்களைத் திறந்தேன், வலையை மட்டும் மூடினேன். காலையில் துணியில் லேசான ஈரம்தான். ஆனால் உள்ளே ஏழெட்டுக் கொசு!

எந்த வழியாக வந்தன என்று மல்லாந்து படுத்து விளக்கடித்துத் தேடினேன். வலைக்கதவின் இரண்டு ஜிப் நுனிகளும் சந்திக்கும் மூலையில் சுண்டுவிரல் நுழையும் சந்து. நாம் விடும் கரியமில வாயு வலைக்கண் வழியாகவே வெளியேறிவிடும்; அதை மோப்பம் பிடித்து வரும் கொசு உள்ளே நுழைவது இந்தச் சந்து வழியாகத்தான். இப்போது இரண்டு நுனியையும் தரையோரம் கொண்டுவந்து ஒட்ட இழுத்து, மேலே ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுகிறேன். உள்ளே நுழையும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஜிப்பைத் தொடுவது. ஒன்றிரண்டு மில்லிமீட்டரே இருக்கும் கடிபூச்சிகள் சாதாரணக் கொசுவலைக்குள் புகுந்துவிடும். அவை உள்ள இடத்துக்குப் போவதென்றால் நெருக்கமான கண்ணுள்ள வலைதான் வேண்டும்.

டீட் கலந்த பூச்சுமருந்து கொசுவுக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் அது சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு தொட்டதில் என் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. பிகாரிடின் கலந்ததில் அந்தத் தொல்லை இல்லை, மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் இரவுதான் பெரிய பாடம். மேட்டில், மரத்தடியில், காற்று வரும் பக்கம் வாசலை வைத்து அடித்தேன். பட்டுப்போன கிளை தலைக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான். இலைக்கூரை இருந்ததால் துணி அவ்வளவாகக் குளிரவில்லை. மெல்லிய காற்று ஈரத்தை வெளியே தள்ளியது. அந்தக் காற்றில் கொசுவாலும் நிலையாகப் பறக்க முடியவில்லை. ஒரே காற்று இரண்டு வேலையையும் பார்த்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பத்து நிமிடம் மற்ற எல்லாக் கருவிக்கும் மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

நான்காவது இரவில் சில்லறை விஷயங்கள். நனைந்த சட்டை, ஷூ எல்லாம் வாசல் திண்ணைக்குப் போயின. சாப்பாட்டுப் பையைத் தள்ளி வைத்ததும் எறும்பு வரிசை டென்ட் பக்கம் திரும்பவில்லை. அடுப்பை உள்ளே பற்றவைப்பதே இல்லை. ஆவி ஒருபுறம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். குளிருக்கு முகத்தை ஸ்லீப்பிங் பேக்குக்குள் புதைக்கும் பழக்கத்தையும் விட்டேன். மூச்சு முழுக்க உள்ளே இருக்கும் பஞ்சில் இறங்கிவிடுகிறது. தலைக்குக் கம்பளித் தொப்பி போதும்.

ஒவ்வொரு இரவுக்கும் மறுநாள் காலையில் மழைத்துணியின் உட்பக்கத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பிழிந்து பார்ப்பேன். முதல் நாள் அரை டம்ளருக்கு மேல் இருந்தது. நான்காம் நாள் துணி ஈரமானதோடு சரி, பிழிய ஒன்றும் இல்லை.

காற்றே இல்லாத மழை இரவு இன்னும் பாக்கி. நனைந்த நைலான் தொய்ந்து உள்வலையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் படுக்குமுன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும், உச்சித் துவாரத்தைத் திறந்தே வைக்க வேண்டும். அடுத்த மழைக்குப் பையைக் கட்டி வைத்திருக்கிறேன், துடைக்கும் துணி இந்த முறை இரண்டு.