விடுதலை நாள் லீவும் நாலு செய்தியும்

இன்று நவம்பர் 1, 2025. புதுச்சேரி விடுதலை நாள். "ஆகஸ்ட் 15-ம் லீவு, இதுவும் லீவு, உங்களுக்கு மட்டும் எத்தனை சுதந்திரம் மாப்ள?" என்று கடலூர் மச்சான் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டார். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே வாரத்தில் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படி முடிய 1962 ஆனது. அதற்கும் ஆகஸ்ட் 16 லீவு உண்டென்று அவரிடம் சொல்லவில்லை.

சரி, செய்திக்கு வருவோம். செவ்வாய் முதல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். படிவத்தோடு வீட்டுக்கே வருவார்கள். வாடகை வீடு மாறியவர்கள் உஷார், அடுத்த வருஷம் தேர்தல். யூனியன் பிரதேசமான நமக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்ற கோரிக்கையும் மறுபடி மேடையேறும். நாம் 30 எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுக்கிறோம், டெல்லி 3 பேரை நியமிக்கிறது, அவர்களுக்கும் சபையில் ஓட்டு. எனக்கு உறுத்துவது அதுதான்.

டிரம்பும் ஷி ஜின்பிங்கும் தென் கொரியாவின் பூசானில் கைகுலுக்கி, சீனப் பொருட்களுக்கு அமெரிக்க வரி குறைந்தாயிற்று. நமக்கு அதே 50 சதவீதம். உள்நாட்டுப் போர் நடக்கும் சூடானில் எல் ஃபாஷர் நகரம் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படையிடம் விழுந்துவிட்டது. அந்தக் கொடுமையை நம் டிவிகளில் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

அப்புறம், நாளை மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அரசியல் பேச யாரும் போன் போடாதீர்கள்.