ஸ்கிரிட் இன்: கல்லும் சுண்ணாம்பும்

வேல்ஸின் மான்மத்ஷயரில் இருக்கிறது ஸ்கிரிட் இன் என்ற பழைய மதுவிடுதி. 1110-லேயே இங்கே மதுவிடுதி இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது நிற்கும் கற்கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதனால் அதன் பெருமை துளியும் குறையாது.

இத்தகைய கற்சுவர்களுக்குச் சிமென்ட் பூசுவதுதான் பெருங்கொடுமை. சுவரில் ஏறிய ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாகத்தான் வெளியேறும். சிமென்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் கல்லிலேயே தங்கும். உறைபனியில் கல்லின் முகம் உதிரும், சுவருக்குள் புதைந்த உத்தர முனைகள் உளுத்துப்போகும்.

கல்லிடுக்குகளை மறுபடி பூச, பழைய காரையை 25 மி.மீ. ஆழத்துக்குக் கையால் சுரண்டுங்கள். மின்கருவி கல்லின் ஓரத்தை உடைக்கும். பிறகு நன்றாக நனையுங்கள். புதுக் காரைக்கு நீரில் இறுகும் சுண்ணாம்பு 1 பங்கு, சொரசொரப்பான மணல் 3 பங்கு. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் முதலில் அனுமதி, அப்புறம்தான் கொத்துக்கரண்டி.