ஹாட்ஃபீல்டில் சிசில்களின் மாளிகை

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் சீக்கிரமே ஹாட்ஃபீல்டு வந்துவிடும். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மாளிகையின் நுழைவாயில். அதன் முன்னால் நாற்காலியில் அமர்ந்த கோலத்தில் தாடிக்காரர் ஒருவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மூன்றாவது சாலிஸ்பரி மார்க்வெஸ் (மார்க்வெஸ் என்பது ஒரு பிரபுப் பட்டம்). நான் இங்கே போனதே இவருக்காகத்தான்.

ஆனால் இவர் பிறந்த சிசில் குடும்பத்தின் கதை இவருக்கு 300 ஆண்டுகள் முந்தியது. பழைய அரண்மனையின் செங்கல் கூடம் இன்றும் நிற்கிறது. 1558 நவம்பரில் எலிசபெத் ராணியானதும் முதல் ஆலோசனைக் கூட்டத்தை நடத்தியது இங்கேதான். அப்போது அவர் செயலராக அமர்த்திய வில்லியம் சிசில், 1598இல் சாகும்வரை ராணியின் வலது கையாக இருந்தார். அப்புறம் மகன் ராபர்ட் சிசில். குள்ளமானவர், முதுகு வளைந்தவர், அபாரமான மூளைக்காரர். 1603இல் ராணி வாரிசில்லாமல் இறந்தபோது, சண்டை சச்சரவு இல்லாமல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸை அரியணையில் ஏற்றியவர் இவர். சிசில்களின் தியோபால்ட்ஸ் மாளிகைமேல் ஆசைப்பட்ட ஜேம்ஸ், 1607இல் அதை வாங்கிக்கொண்டு ஹாட்ஃபீல்டைக் கொடுத்தார். ராபர்ட் பழைய அரண்மனையில் பெரும்பகுதியை இடித்து, அந்தச் செங்கல்லையும் சேர்த்துப் புது மாளிகை எழுப்பினார். 1611இல் வேலை முடிந்தது, 1612இல் இறந்துபோனார். பக்கத்துத் தேவாலயத்தில் அவர் கல்லறையைக் கட்டாயம் பாருங்கள். மேலே வெண்பளிங்கில் அவர் உருவம், அடியில் ஓர் எலும்புக்கூடு.

மாளிகைக்குள் கறுப்பு வெள்ளைத் தரை போட்ட கூடமும், செதுக்கு வேலை நிறைந்த மரப் படிக்கட்டும், கையில் வானவில் ஏந்திய எலிசபெத் ஓவியமும் அழகு. நடுவில் சில தலைமுறைகள் சுமார்தான். பிறகு 19ஆம் நூற்றாண்டில் குடும்பம் மீண்டும் எழுந்தது. 1902இல் மூன்றாவது மார்க்வெஸ் விலகியதும் பிரதமரானவர் அவருடைய அக்கா மகன் பால்ஃபர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மார்க்வெஸின் மகன் ராபர்ட், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்காக உழைத்து 1937இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். இந்தக் குடும்பத்தில் என் மரியாதை முழுக்க இவருக்குத்தான்.

அவருடைய அப்பாவை அப்படி நினைக்க முடியவில்லை. 1866இல் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தபோது, ஒரிசாப் பஞ்சம் பற்றிய எச்சரிக்கை வந்தும் இரண்டு மாதம் எதுவும் செய்யவில்லை. அதைப் பின்னாளில் அவரே சொல்லி வருந்தினார். சரி, வருந்தினார். ஆனால் 1874இல் திரும்ப அதே பதவிக்கு வந்தார். தென்னாட்டைச் சுடுகாடாக்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவரே. நம் பாட்டன் பூட்டன்கள் கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது.

1886 தேர்தலில் தாதாபாய் நௌரோஜி ஹோல்பர்னில் தோற்றதைப் பற்றி, ஒரு பிரிட்டிஷ் தொகுதி ‘கறுப்பரை’ தேர்ந்தெடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்ற பொருளில் 1888இல் எடின்பரோவில் சாலிஸ்பரி பேசினார். 1892இல் லண்டனின் ஃபின்ஸ்பரி மத்தியத் தொகுதி நௌரோஜியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதே தேர்தலில்தான் சாலிஸ்பரியின் கையைவிட்டு ஆட்சி போனது.